பெட்டியில் ஒட்டிய சீட்டு

சிலர் தபால் தலை சேகரிக்கிறார்கள். சிலர் பழைய நாணயம். எனக்குத் தெரிந்த ஒரு கணக்குப் பிள்ளை பேனா மூடிகளைச் சேர்த்து வைத்திருந்தார். மூடி மட்டும்தான், பேனா கிடையாது. அவரைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்தச் சிரிப்புக்குத் தண்டனைதானோ என்னவோ, இருபது வருஷமாக நான் ஹோட்டல் விளம்பரக் காகிதங்களைச் சேகரித்து வருகிறேன்.

கல்யாணமான புதிதில் என் மனைவி ஓர் அட்டைப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் எந்த ஹோட்டல்? நீங்க சாப்பிட்டதா, தங்கினதா?" என்று கேட்டாள்.

"இரண்டும் இல்லை. போகாதது" என்றேன்.

அவள் மறுபேச்சுப் பேசாமல் பெட்டியை மூடிப் பரணில் ஏற்றிவிட்டாள்.

அவள் கேள்வியில் நியாயம் இருந்தது. நம் ஊரில் ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக் கடை. தங்குகிற இடத்துக்கு லாட்ஜ் என்று வேறு பெயர். வெள்ளைக்காரனுக்கு ஹோட்டல் என்றால் முதலில் கட்டில், பிறகுதான் காபி. நமக்குக் காபிதான் முதல். கட்டில் வேண்டுமென்றால் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணை இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் சத்திரம். திருச்சியில் ஒரு பஸ் நிலையத்துக்கே சத்திரம் என்றுதானே பெயர்! ஸ்ரீரங்கத்துக்கு வைகுண்ட ஏகாதசிக்கு வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சத்திரங்களில்தான் மூட்டையை இறக்கினார்கள். சத்திரம் கட்டிய புண்ணியவான் வாசலில் ஒரு கல்லில் தம் பெயரை வெட்டி வைத்தார். புண்ணியம் யார் கணக்கில் ஏற வேண்டும் என்பதற்கு அந்தக் கல் போதும். வந்தவன் மூட்டையில் தம் பெயரை ஒட்டி அனுப்ப வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அந்த யோசனை தோன்றியது ஐரோப்பாவில். ரயிலும் நீராவிக் கப்பலும் வந்து, பணக்காரர்கள் ஊர் சுற்றுவதையே ஒரு வேலையாக வைத்துக்கொண்ட 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ஆரம்பமாயிற்று. ஹோட்டல்காரர் வண்ணத்தில் அச்சிட்டுப் பின்புறம் கோந்து தடவிய சிறிய லேபிள்களை வைத்திருப்பார். வட்டம், நீள்வட்டம், சதுரம் என்று பல வடிவம். சாமான் தூக்குகிற ஆள் பிரயாணியின் பெட்டியில் ஒன்றை ஒட்டுவான். துறைமுகத்திலும் ஸ்டேஷனிலும் எந்தப் பெட்டி எந்த ஹோட்டலுக்குப் போக வேண்டும் என்று கூலிகளுக்குத் தெரிய வேண்டுமே, அதற்கும் அது பயன்பட்டது. ஆனால் ஹோட்டல்காரரின் கண் வேறு இடத்தில். பெட்டி ஊர் ஊராகப் போகும். கூடவே லேபிளும் டிக்கெட் வாங்காமல் போகும். விளம்பரத்தைச் சுமக்கிறவன் அதற்குக் கூலி கேட்பதில்லை. மாறாக, பெருமைப்படுகிறான்! இதைவிட மலிவான விளம்பரத்தை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இத்தாலியில், நேப்பிள்ஸ் நகரத்தில், ரிக்டர் கம்பெனி என்று ஓர் அச்சகம் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பகுதியில் உலகத்துப் பெரிய ஹோட்டல்கள் பலவற்றுக்கு லேபிள் அடித்துக் கொடுத்தவர்கள் அவர்கள். மாரியோ போர்கோனி என்ற ஓவியர் அவர்களுக்குப் படம் வரைந்தார். உள்ளங்கை அகலக் காகிதத்தில் கடல், மலை, மாடக் கட்டடம், அதன் மேல் சாயங்கால ஆகாசம் எல்லாம் அடங்கிவிடும். அவற்றில் இரண்டு என்னிடம் இருக்கின்றன. ஒன்றுக்கு நான் கொடுத்த விலையை என் மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை அவள் படிப்பாளாதலால் இங்கேயும் சொல்லப் போவதில்லை.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் கீழ்த் திசைக்குக் கப்பல்கள் பெருகின. கொழும்பில் காலி முகத்திடல் ஹோட்டல் 1864லேயே இருந்தது. துறைமுகத்துக்கு எதிரே கிராண்ட் ஓரியண்டல் 1875இல் வந்தது. சார்க்கீஸ் என்ற ஆர்மீனியச் சகோதரர்கள் 1885இல் பினாங்கிலும் 1887இல் சிங்கப்பூரிலும் 1901இல் ரங்கூனிலும் ஹோட்டல் திறந்தார்கள். சிங்கப்பூரில் அவர்கள் திறந்த ராபிள்ஸ் ஹோட்டலின் பெயர், அங்கே போகாதவர்களுக்கும் தெரியும். பம்பாய் தாஜ்மகால் ஹோட்டல் 1903. ஒரு சீமான் பம்பாயில் ஆரம்பித்துச் சிங்கப்பூரில் முடித்தால் அவர் பெட்டியில் இடமே இருக்காது. பெட்டியைப் பார்த்தே ஆளை எடை போட்டார்கள். லேபிளை எந்த மூலையில் ஒட்டுவது என்பதில் கூலிகளுக்குள் ஒரு சங்கேதம் இருந்ததாகவும், இந்த ஆள் தாராளமாக இனாம் கொடுப்பான், இவன் கஞ்சன் என்று அடுத்த ஊர்க்காரனுக்கு அதனால் தெரிந்துவிடும் என்றும் ஒரு கதை உண்டு. கதை பொய்யாக இருந்தாலும் நன்றாக இருக்கிறது. பிறகு ஆகாய விமானம் வந்தது. பெட்டியின் கனத்துக்குக் காசு கேட்டார்கள். பெரிய பெட்டிகள் போயின. கூடவே லேபிள்களும் போயின.

நம்மவர்கள் இந்த லேபிள் விஷயத்தில் அவ்வளவாக அக்கறை காட்டவில்லை. நம் ஹோட்டல்காரர்கள் நம்பியது காலண்டரை, நோட்டீஸை, தீப்பெட்டியை. சிவகாசியில் 1923இல் தீப்பெட்டித் தொழில் ஆரம்பித்தது. பெட்டியில் ஒட்டும் படத்துக்காக அச்சுத் தொழில் பிறந்து, பிறகு அதுவே தீப்பெட்டியை விடப் பெரிதாக வளர்ந்தது. என் சேகரிப்பில் முக்கால்வாசி அந்த வகைதான். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியவை. புளி மடித்துக் கொடுத்த காகிதத்தைப் பிரித்து நீவியவை. சென்னை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 1962இல் திறந்து 2008இல் மூடியதே, அந்தப் பில் ஒன்று, சாம்பார்க் கறையுடன்.

அவற்றில் ஒரு நோட்டீஸ் உண்டு. எந்த ஊர், எந்த ஹோட்டல் என்று சொல்ல மாட்டேன். சுத்தமான நெய், சுகாதாரமான சமையல், மின்சார விசிறி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசி வரியில், மிகவும் மரியாதையான பாஷையில், 'பிராமணாளுக்குத் தனி இடவசதி உண்டு' என்கிறது. 1957இல் பெரியார் சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு கபேயின் பெயர்ப் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி மறியல் நடத்தினார். பலகையில் இருந்தது போய்விட்டது. என் அட்டைப் பெட்டியில் இருப்பது அப்படியே இருக்கிறது. நண்பர் ஒருவர், "இதை ஏன் வைத்திருக்கிறாய், கிழித்துப் போடு" என்றார். நான் கிழிக்கவில்லை. மின்சார விசிறியையும் அந்த வரியையும் ஒரே மூச்சில், ஒரே பெருமையோடு அச்சடித்திருக்கிறார்களே, அதை வேறு எங்கே போய்ப் பார்ப்பது?

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது எப்படி என்று இன்னும் சொல்லவில்லை. அதற்கு வையம்பட்டிக்கு வர வேண்டும்.

திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் ரயிலில், மணப்பாறையில் முறுக்கு வாங்கி, அது தீர்வதற்குள் வந்துவிடும் ஊர் வையம்பட்டி. வானம் பார்த்த பூமி. எங்கள் பழைய வீட்டுப் பரணில் என் தாத்தாவின் டிரங்குப் பெட்டி ஒன்று இருந்தது. பச்சை வர்ணம் அடித்த தகரப் பெட்டி. அதன் மூடியிலும் முன்பக்கத்திலும் ஏழு லேபிள்கள். ஐந்து கொழும்பு, ஒன்று பினாங்கு, ஒன்று சிங்கப்பூர். தென்னை மரமும் நீலக் கடலும் கப்பல் புகையும். மழை பெய்யாத ஊரில், பரணில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு பையன் அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்றால், பிற்காலத்தில் அவன் கதை எழுதப் போனதில் ஆச்சரியம் இல்லை.

"உங்க தாத்தா தங்காத ஹோட்டலு இல்லை" என்பார் அப்பா. தாத்தா கொழும்பில் பெரிய கம்பெனியில் இருந்தார், துரைமாரோடு பல ஊர் போனார், 1948இல் அங்கே பிரஜா உரிமைச் சட்டம் வந்தபின் இனி அங்கே இருப்பதில் மானமில்லை என்று 1950இல் திரும்பிவிட்டார் என்பது எங்கள் குடும்ப வரலாறு. என் அத்தைக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களை அந்தப் பெட்டிக்கு எதிரேதான் உட்கார வைத்தார்களாம். எனக்கு ஏழு வயதாகும்போது தாத்தா போய்விட்டார். அவரிடம் ஒரு கேள்விகூட நான் கேட்டதில்லை.

சில வருஷங்களுக்கு முன் அந்தப் பெட்டியை ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டு போனேன். அங்கே சித்திரை வீதியில் ஒரு பெரியவர் இருக்கிறார். ரயில்வே பார்சல் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்தவர். தீப்பெட்டிப் படம் சேகரிக்கிறவர். அந்த வகையில் எனக்கு ஒரு வகை குரு. வையம்பட்டியிலிருந்து பாசஞ்சர் வண்டியில் திருச்சி வந்து, ஆட்டோவில் பெட்டியை ஏற்றினேன். டிரைவர் லேபிள்களைப் பார்த்துவிட்டு, "ஃபாரினா சார்?" என்று கேட்டு, ஐம்பது ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டார். அந்த விளம்பரத்துக்கு இன்னும் சக்தி போகவில்லை.

பெரியவர் பெட்டியைத் திண்ணையில் வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இதை யார் ஒட்டினது?" என்று கேட்டார்.

"ஹோட்டலில்தான் சார்."

"இல்லை" என்றார். "நான் உத்தியோகத்தில் சேர்ந்த புதுசில் இந்த மாதிரிப் பெட்டி கடைசி கடைசியா வந்துண்டிருந்தது. ஒரு சீட்டாவது நேரா இருந்து நான் பார்த்ததில்லை. கூலிக்கு ஏது நேரம்? கோணலா ஒட்டுவான், ஒண்ணு மேலே ஒண்ணு ஒட்டுவான். இதைப் பாருங்கோ. ஏழும் ஸ்கேல் வெச்ச மாதிரி இருக்கு. யாரோ சாவகாசமா உட்கார்ந்து ஒட்டியிருக்கா."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார்.

"கப்பல்லே போன பெட்டின்னா கம்பெனி சீட்டு இருக்கும். பிரயாணத்தில் வேணும், பிரயாணத்தில் வேண்டாம்னு போட்டு ஒட்டுவா. வேண்டாதது அடித்தட்டுக்குப் போயிடும். ஆளோட பேரில் முதல் எழுத்தைப் பெரிசா அச்சடிச்சு ஒட்டுவா. இதிலே ஒண்ணும் இல்லையே! கொழும்பு அஞ்சும் கை படாத புதுசு. இந்தச் சிங்கப்பூரைப் பாருங்கோ. ஓரம் கிழிஞ்சிருக்கு. கிழிசல்லே தோல் ஒட்டிண்டிருக்கு, தகரம் இல்லை. வேறே யாரோ தோல் பெட்டியிலேர்ந்து உரிச்சது."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தீப்பெட்டிப் படத்தில் போலி எது, அசல் எது என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னார். அவர் வீட்டு அம்மாள் காபி கொண்டு வந்தார். நல்ல காபி. அதைக் குடித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். திரும்பும்போது ஆட்டோக்காரர் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்தேன்.

அப்பாவிடம் இதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அத்தையிடம் கேட்டேன். அத்தை வையம்பட்டியிலேயே இருக்கிறாள். பெட்டியை எடுத்த இடத்தில் வைக்கும்போது, போகிற போக்கில் கேட்பதுபோல, "தாத்தா கொழும்புல என்ன வேலை பார்த்தாரு அத்தை?" என்றேன்.

"ஹோட்டலுல பெட்டி தூக்குனாரு" என்றாள் அத்தை, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே. "உனக்குத் தெரியாதா?"

"கம்பெனியில இருந்தாருன்னு அப்பா சொன்னாரு."

"உங்கப்பன் சொல்லுவான். எங்கம்மா என்கிட்டச் சொல்லியிருக்கு. பழைய சீட்டு மாத்திப் புதுச் சீட்டு அடிச்சாங்கன்னா பழசைக் கட்டோட குப்பையில போட்டுருவாங்களாம். அதுல நாலஞ்சு எடுத்தாந்தாரு. பெட்டி நம்ம ஊருக்கு வரயிலே துரு ஏறி ஓட்டை ஓட்டையா இருந்துச்சு. கஞ்சிப் பசை காய்ச்சி எங்கம்மாதான் கொடுத்துச்சு. ஓட்டை தெரியக் கூடாதுன்னு ஒட்டினாரு. அவ்வளவுதான்."

பெட்டி மூடியைத் திறந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். பினாங்குக்குப் பின்னால் சுண்டு விரல் நுழையும் ஓட்டை ஒன்று. கொழும்புகளில் மூன்றின் பின்னால் ஒன்றும் இல்லை. ஆகவே அத்தை சொன்னது பாதி சரி. மீதிப் பாதிக்குக் காரணத்தைத் தாத்தாதான் சொல்ல வேண்டும். அல்லது, மாப்பிள்ளை வீட்டாரை அந்தப் பெட்டிக்கு எதிரே உட்கார வைத்தவர்கள் சொல்ல வேண்டும். எத்தனையோ சீமான்களின் பெட்டியில் அவசரமாகக் கோணல் கோணலாக ஒட்டிய கை, தன் பெட்டிக்கு வரும்போது மட்டும் நேராக ஒட்டியது. இதை எழுதும்போதுகூட எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை.

வேறொன்றுதான் உறுத்துகிறது.

தாத்தா கொழும்புக்குப் போனது இங்கிருந்து அல்ல. மலைநாட்டுத் தோட்டம் ஒன்றிலிருந்து. அவருடைய அப்பா தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் கட்டிக்கொண்டு போன காலத்தில் போனவர். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்க 1904இல் ஏற்பட்ட லேபர் கமிஷனுக்குத் திருச்சினாப்பள்ளிதான் தலைமை இடம். எங்கள் பக்கத்து மானாவாரி ஊர்களிலிருந்து கங்காணிகள் பின்னால் போனவர்களுக்குக் கணக்கில்லை. அப்படிப் போனவர்களுக்கு ரயில் டிக்கெட் வாங்கிக் கொடுப்பதில்லை. 1901 முதல் வேறொரு ஏற்பாடு வந்திருந்தது. வட்டமான ஒரு தகர வில்லை. நூல் கோக்க ஓர் ஓட்டை. மாவட்டம், தோட்டம், ஆள் என்று அதில் குறியும் எண்ணும் குத்தியிருக்கும். அதைக் கழுத்தில் கட்டிவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவன் வழியில் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை; வில்லையைப் பார்த்து அந்தத் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். தோட்டம் அதை எங்கே எழுதும் என்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது முப்பது வயதுக்கு மேல், ஒரு புத்தகத்தில். வில்லையின் படமும் அதில் இருந்தது. படத்தைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். ஏனென்றால் அந்த வில்லையை நான் கையில் வைத்து விளையாடியிருக்கிறேன்.

அப்பாயியின் சுருக்குப் பையில் வெற்றிலை, கொட்டைப் பாக்கு, சில்லறைக் காசு இவற்றோடு அது கிடக்கும். தேய்ந்து, ஓரம் மழுங்கி, எண் பாதி தெரியும், பாதி தெரியாது. என்ன அது என்று கேட்டால், "உங்க பாட்டனோட பூட்டு" என்பாள். அவள் சொன்னது 'பூட்டு' தானா, வேறு ஏதாவதா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. கனமும் வட்டமும் அளவாக இருந்ததால் தண்ணீரில் சில்லு விடுவதற்கு அதைப் போல ஓட்டுத் துண்டு எதுவும் வராது என்று தோன்றியது. ஒரு நாள் அவள் தூங்கும்போது எடுத்துக்கொண்டு போய், ஊர்க் குளத்தில் விட்டேன். நான்கு தரம் தத்தியது. கூட இருந்த பையன்கள் கை தட்டினார்கள்.

அப்பாயி இரண்டு நாள் தேடினாள். அடுப்படி, மாட்டுக் கொட்டகை, தலையணைக்கு அடி எல்லாம். என்னிடமும் கேட்டாள். "தெரியாது அப்பாயி" என்றேன். அடுத்த வருஷம் அவளும் போய்விட்டாள்.

இன்றைக்கு ஒரு ராபிள்ஸ் லேபிளுக்கு எவ்வளவு கேட்கிறார்கள், காலி முகத்திடலுக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். லேபிளில் மூலை மடங்கியிருந்தால் எவ்வளவு குறைப்பார்கள் என்பதும் தெரியும். மனிதன் கழுத்தில் கட்டிய தகரத்தை விற்க யாராவது கொண்டு வருவார்களா என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். இதுவரை வரவில்லை. வந்தாலும் அது வேறொருவர் பாட்டனுடையதாகத்தான் இருக்கும்.

இந்த வருஷம் சித்திரையில் வையம்பட்டிக்குப் போயிருந்தேன். குளம் அடியோடு வற்றியிருந்தது. சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெயில் தாழ்ந்தபின் இறங்கி, ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, நான் அன்று நின்ற படித்துறைக்கு நேரே முன்னும் பின்னும் நடந்தேன். பாட்டில் மூடிகள் கிடைத்தன, ஒரு செருப்பு, கொஞ்சம் கிளிஞ்சல். அத்தை பேரனைக் கூட்டிக்கொண்டு கரையில் வந்து நின்றாள்.

"அங்க என்னடா தேடுற?" என்று கூப்பிட்டாள்.

"ஒண்ணுமில்லை அத்தை" என்றேன்.